கேப்டன் பிளட்டும் சிவகங்கைக் கப்பலும்

(குன்றக்குடியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சினிமாவைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். கடல் படம் ஒன்றைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். அழைக்க வந்தவர் ஒரு கணம் யோசித்தார். அவர் யோசித்ததில் தவறில்லை. குன்றக்குடியில் மலை உண்டு, மயில் உண்டு, சண்முகநாதர் உண்டு. அலையைப் பார்க்கக் கிழக்கே தொண்டிக்குத்தான் போக வேண்டும். ஆனாலும் இந்த வட்டாரத்தைப் போலக் கடலால் ஆன உள்நாட்டுச் சீமை தமிழ்நாட்டில் வேறில்லை. நகரத்தார் வீட்டு முகப்புத் தூண்களின் தேக்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. ‘கொண்டுவிக்கப் போயிருக்கிறார்’ என்றால் கடல் கடந்து தொழிலுக்குப் போயிருக்கிறார் என்று பொருள். பெட்டியடிப் பையனாகக் கப்பலேறிய சிறுவன் அடுத்தாளாகி, மேலாளாகி ஊர் திரும்புவான். இடையில் அம்மாவுக்குக் கடிதம் மட்டும் வரும். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடிகள் கூடிப் பழனிக்கு நடை தொடங்குவதும் இந்தக் குன்றக்குடியிலிருந்துதான். அந்தக் காவடிகளில் எத்தனை காவடி ரங்கூனில், பினாங்கில், நடுக்கடலில் வேண்டிக்கொண்டவையோ!

நான் பேச எடுத்துக்கொண்ட படம் ‘கேப்டன் பிளட்’. 1935 டிசம்பரில் வெளிவந்தது. வார்னர் பிரதர்ஸ் தயாரிப்பு. இயக்கியவர் மைக்கேல் கர்டிஸ். இந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்களும் இதன் கதையைப் பார்த்திருக்கிறீர்கள். 1965இல் பி. ஆர். பந்துலு எடுத்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ அந்தக் கதையின் தமிழ்ப் பிறப்பு. மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து டூரிங் டாக்கீஸில் அதை நான் முதலில் பார்த்தபோது எனக்கு எட்டு வயது. கடலையே அதுவரை பார்த்ததில்லை. எம்.ஜி.ஆர். கப்பலின் பாய்மரத்தில் சாய்ந்து நின்றதைப் பார்த்துத்தான் கடல் நீலமானது என்று அறிந்தேன். மூலப்படத்தை நாற்பது வயதுக்கு மேல் பார்த்தேன். அது கறுப்பு வெள்ளை. ஆனால் அதைப் பார்த்த இரவில் எனக்கு நினைவு வந்தது எம்.ஜி.ஆர். அல்ல, மருதுபாண்டியர். ஏன் என்று சொல்வதற்குத்தான் இன்று வந்திருக்கிறேன்.

முதலில் கதை. 1685ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் மன்னர் இரண்டாம் ஜேம்ஸை எதிர்த்து மான்மத் பிரபு தலைமையில் கலகம் நடந்து தோற்றுவிட்டது. பீட்டர் பிளட் ஒரு வைத்தியர். கலகத்தில் சேராதவர். அடிபட்டுக் கிடந்த கலகக்காரர் ஒருவருக்குக் கட்டுப்போடப் போன இடத்தில் பிடிபடுகிறார். நோயாளி யார் என்று கேட்டுவிட்டு மருந்து கொடுப்பது என் தொழிலில் இல்லை என்கிறார். நீதிபதி ஜெஃப்ரீஸ் அதைக் காதில் வாங்கவில்லை. மரண தண்டனை விதிக்கப்படுகிறது. தோட்டங்களுக்கு ஆள் வேண்டும் என்ற கணக்கில் மன்னர் அதை மாற்றி, கைதிகளை ஜமைக்காவின் போர்ட் ராயலுக்கு அடிமைகளாக அனுப்புகிறார். அங்கே ஏலத்தில் அரபெல்லா என்ற பெண் அவரைப் பத்து பவுனுக்கு வாங்குகிறாள். ஸ்பானியர்கள் ஊரைத் தாக்கும் இரவில் அடிமைகள் அவர்கள் கப்பலையே கைப்பற்றிக் கடற்கொள்ளையராகிறார்கள். முடிவில் இங்கிலாந்தில் அரசர் மாறிவிட்ட செய்தி கப்பலில் வருகிறது. கொடுங்கோலன் ஓடிவிட்டான், வில்லியம் அரியணை ஏறிவிட்டார், உங்களுக்கு மன்னிப்பு உண்டு என்கிறது செய்தி. பிளட் அந்த ஊருக்கே ஆளுநராகிறார். அரபெல்லாவும் கிடைக்கிறாள்.

இந்தப் படத்தை எடுத்தவர்கள் பலரும் கடல் கடந்து வந்தவர்கள். படத்துக்கு மூலமான நாவலை எழுதிய ரஃபேல் சபாட்டினி இத்தாலியில் பிறந்து ஆங்கிலத்தில் எழுதியவர். கர்டிஸ் ஹங்கேரிக்காரர். கதாநாயகன் எரால் ஃபிளின் ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே டாஸ்மேனியாத் தீவில் பிறந்தவர். பெயர் தெரியாத இருபத்தாறு வயது இளைஞர். அந்த வேடத்துக்கு முதலில் பேசியிருந்தது ராபர்ட் டோனாட்டை. அவர் வராததால் இவருக்கு வாய்ப்பு வந்தது. ஒலிவியா டி ஹாவிலண்ட் பிறந்தது டோக்கியோவில். அப்போது அவருக்கு வயது 19. இசையமைத்த எரிக் கார்ன்கோல்ட் வியன்னாவில் பிள்ளைப் பருவத்திலேயே மேதை என்று கொண்டாடப்பட்டவர், ஆபரா எழுதியவர்.

கார்ன்கோல்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஒலி வந்த முதல் சில ஆண்டுகளில் சினிமா பேசக் கற்றுக்கொண்டதே தவிர, அசைய மறந்துபோனது. கேமராவின் சத்தம் மைக்கில் விழக்கூடாதென்று அதைக் கூண்டுக்குள் அடைத்தார்கள்; நடிகர்கள் மைக்கைவிட்டு நகர முடியவில்லை. ‘கேப்டன் பிளட்’ வரும்போது அந்தக் கட்டு அவிழ்ந்துவிட்டது. ஆனால் கடலுக்கு என்ன குரல் கொடுப்பது? அலைச் சத்தத்தைப் பதிவுசெய்து போட்டால் அது வெறும் இரைச்சல். கார்ன்கோல்ட் முழு வாத்தியக் குழுவை வைத்துக் கடலைப் பாடவைத்தார். மூன்றே வாரத்தில் எழுதிய இசை அது. நேரம் போதாமல் ஓரிடத்தில் லிஸ்ட் என்ற பழைய இசையமைப்பாளரின் இசையை எடுத்துப் பயன்படுத்தினார். அதனால் ‘இசை’ என்று தன் பெயரைப் போட ஒப்பவில்லை. ‘இசை ஒழுங்கு’ என்று போட்டால் போதும் என்றார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். பாய் விரியும் இடத்தில் கொம்பு வாத்தியங்கள் எழும்பும்போது நெஞ்சு நிமிர்கிறது. இன்றுவரை கடல் படத்துக்கு இசை போடுகிறவர்கள் எல்லோரும் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

கப்பல்கள் விஷயத்தில் அவ்வளவு வசதி இல்லை. தளங்களை ஸ்டுடியோவுக்குள் கட்டினார்கள். தூரத்துக் காட்சிகளுக்குச் சிறிய மாதிரிக் கப்பல்கள். 1924இல் வந்த ‘தி சீ ஹாக்’ என்ற மௌனப் படத்தின் கடற்போர்த் துண்டுகளையும் சேர்த்து ஒட்டினார்கள். கூர்ந்து பார்த்தால் ஒட்டுத் தெரியும். கார்ன்கோல்டின் இசைதான் அதைப் போர்த்தி மறைக்கிறது.

அதே காலத்தில் நம் பக்கம் என்ன நடந்தது? 1935இல் காரைக்குடி ஏ. வி. மெய்யப்பச் செட்டியார், கிராமபோன் தட்டுத் தொழிலிலிருந்து சினிமாவுக்கு வந்து, கல்கத்தாவுக்குப் போய்த் தம் முதல் படமான ‘அல்லி அர்ஜுனா’வை எடுத்தார். அது ஓடவில்லை. 1936 மார்ச்சில், ‘கேப்டன் பிளட்’ வந்த மூன்று மாதத்தில், எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதி லீலாவதி’ வந்தது. எம்.ஜி.ஆருக்கு அது முதல் படம். போலீஸ் இன்ஸ்பெக்டராகச் சின்ன வேடம். அந்தப் படத்தின் கதாநாயகன் நண்பனைக் கொன்றுவிட்டோம் என்று அஞ்சி இலங்கைக்கு ஓடுகிறான். தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். கடல், தோட்டம், உழைப்புச் சிறை ஆகிய மூன்றும் அமெரிக்கப் படத்தில் மட்டும் இருந்ததாக நினைக்க வேண்டாம். அந்தக் குளிர்காலத்தில் இரண்டு மொழிகளும் ஒரே கதையைத் தொட்டிருக்கின்றன. அங்கே கடல் விடுதலை தந்தது. நம் படத்தில் கடல் ஒளிந்துகொள்ளும் இடம். இந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. இலங்கைத் தோட்டங்களில் நம்மவர் பட்டதை அறிந்த மக்களுக்குக் கடலைச் சாகசமாகப் பார்க்க மனம் வராது.

அந்தக் கடலைச் சாகசமாக மாற்ற முப்பது ஆண்டு பிடித்தது. மாற்றியவர் பந்துலு. அவர் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். 1959 மே மாதம் அவருடைய ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வெளிவந்தது. அதே மாதம், அடுத்த சில நாட்களில், நம் சிறுகூடல்பட்டி கண்ணதாசன் தயாரித்த ‘சிவகங்கைச் சீமை’யும் வந்தது. கட்டபொம்மன் கதை வென்றது, மருதிருவர் கதை தோற்றது. 1961இல் பந்துலு ‘கப்பலோட்டிய தமிழன்’ எடுத்தார். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும், காலியா, லாவோ என்ற கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடியதும், அதற்காக அவர் செக்கிழுத்ததும் அதன் பொருள். தமிழில் எடுத்த உண்மையான கடல் படம் என்று நான் அதைத்தான் சொல்வேன். அது பணத்தில் தோற்றது. நான்கு ஆண்டு கழித்து அதே பந்துலு, இல்லாத நெய்தல் நாட்டையும் இல்லாத கன்னித் தீவையும் வைத்து, முதல்முறையாக எம்.ஜி.ஆரோடு சேர்ந்து, ‘ஆயிரத்தில் ஒருவன்’ எடுத்தார். 1965 ஜூலை 9 அன்று வெளிவந்த அந்தப் படத்தை மக்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். 2014இல் டிஜிட்டலில் புதுப்பித்து வெளியிட்டபோதும் சென்னையில் வெள்ளிவிழா கண்டது.

அந்த வெற்றியை நான் குறைத்துப் பேச வரவில்லை. பந்துலுவின் படம் மூலத்தைவிட ஓரிடத்தில் உயர்ந்தது. கர்டிஸின் படத்தில் அடிமைத்தனம் கதாநாயகனுக்கு நேர்ந்த அநியாயம். படித்த வெள்ளைக்கார வைத்தியனை ஏலம் போடலாமா என்ற ஆத்திரம் அதில் இருக்கிறது. ஆனால் அந்த ஜமைக்காவிலேயே ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கரும்புத் தோட்டத்தில் மடிந்தார்கள். அவர்களுக்குப் படத்தில் முகமே இல்லை. அந்தப் படத்தின் பெரிய குறை அது. எவ்வளவு நல்ல இசையும் அதை மூடாது. தமிழில் வைத்தியன் மணிமாறன் தனக்காக மட்டும் தவிப்பதில்லை. சாட்டையின் கீழே வாலி எழுதிய பாட்டும், கப்பல் தளத்தில் பறவையைப் பார்த்துக் கண்ணதாசன் எழுதிய பாட்டும் எல்லோருக்குமான பாட்டுகள். 1965இல் மொழிப் போராட்டம் ஓய்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் அந்தப் பாட்டுகளைத் தங்கள் பாட்டாகக் கேட்டார்கள். கார்வார் கடற்கரையில் எடுத்த அந்தப் பறவைப் பாட்டுக் காட்சியில் பாடுகிறவர் யார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். எம்.ஜி.ஆர். இலங்கையின் நாவலப்பிட்டியில் பிறந்து, தந்தையை இழந்து, சிறுபிள்ளையாகக் கடல் தாண்டிக் கும்பகோணம் வந்தவர். வரியை எழுதியவர் கொண்டுவிக்கப் போன குடியில் பிறந்தவர். விஸ்வநாதன் ராமமூர்த்தி இருவரும் பிரிவதற்கு முன் சேர்ந்து தந்த கடைசிப் படங்களில் ஒன்று அது. 1959இல் எதிரெதிர்க் கொட்டகைகளில் நின்ற பந்துலுவும் கண்ணதாசனும் அந்தக் கப்பலில் ஒன்றாக ஏறினார்கள்.

இனி, நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

குன்றக்குடிக் கோயிலில் மருதிருவர் சிலைகளைப் பார்த்திருப்பீர்கள். பெரிய மருதுவின் முதுகில் வந்த ராஜபிளவை சண்முகநாதரின் திருநீற்றால் ஆறியது என்றும், அதற்கு நன்றியாக அவர் இங்கே திருப்பணி செய்தார் என்றும் ஊரார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 1801 ஜூன் 16 அன்று சின்ன மருது கும்பினி ஆட்சிக்கு எதிராகத் திருச்சிக் கோட்டையில் ஒட்டச் செய்த ஜம்புத்தீவுப் பிரகடனமும் உங்களுக்குத் தெரியும். அக்டோபரில் காளையார்கோவில் வீழ்ந்ததும், அதே மாதம் 24ஆம் தேதி, இதோ பிள்ளையார்பட்டி தாண்டினால் வருகிற திருப்பத்தூரில் இருவரையும் தூக்கிலிட்டதும் தெரியும். நம் பாடநூல் அங்கே நின்றுவிடுகிறது.

தூக்குக்குப் பிறகு ஒரு கப்பல் இருக்கிறது. 1802 பிப்ரவரியில், கலகத்தில் பிடிபட்ட எழுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கும்பினியார் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். வேலு நாச்சியாரின் மருமகனான வேங்கன் பெரிய உடையத் தேவர் அவர்களில் ஒருவர். சின்ன மருதுவின் மகன் துரைசாமி இன்னொருவர். அப்போது அவருக்குச் சுமார் பதினைந்து வயது. வ.உ.சி.யின் கப்பல்கள் நூறாண்டு கழித்து எந்தக் கரையிலிருந்து புறப்பட்டனவோ, அதே கரை.

அரசனை எதிர்த்த கலகம், தோல்வி, தூக்கு, மிஞ்சியவர்களைத் தீவுக்குக் கப்பலேற்றல். 1685இல் இங்கிலாந்தில் நடந்ததும் 1801இல் இங்கே நடந்ததும் ஒரே வரிசையில் நடந்தவை. மான்மத் கலகக்காரர்கள் எண்ணூறுக்கும் மேற்பட்டோரை மேற்கிந்தியத் தீவுகளுக்கு விற்றார்கள். அவர்களில் உண்மையிலேயே ஒரு வைத்தியர் இருந்தார். பெயர் ஹென்றி பிட்மன். பார்படோஸ் தீவிலிருந்து படகில் தப்பி ஊர் வந்து சேர்ந்து, தன் பாடுகளை 1689இல் அச்சிட்டு வெளியிட்டார். சபாட்டினி 1922இல் நாவல் எழுத உதவியது அந்தச் சிறு நூல். நாவலிலிருந்து 1924இல் ஒரு மௌனப் படமும், 1935இல் பேசும் படமும் வந்தன. அங்கிருந்து 1965இல் நம் மணிமாறன். அதாவது நாம் டூரிங் டாக்கீஸில் கைதட்டிப் பார்த்த கதை, ஒரு கைதி ஊர் திரும்பித் தன் கையால் எழுதியதால் நமக்குக் கிடைத்தது.

துரைசாமி எழுதினாரா? எழுத விரும்பினார். அதற்குச் சாட்சி ஒரு வெள்ளைக்காரர். கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் இளம் அதிகாரியாக மதுரைப் பக்கம் இருந்தபோது சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றவர். பிறகு அதே சின்ன மருதுவை எதிர்த்த படையில் இருந்தவர். 1818இல் அவர் பினாங்குக்குப் போயிருந்தபோது தளர்ந்துபோன ஒரு முதியவர் அவரைப் பார்க்க வந்தார். அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்ன பிறகுதான் தெரிந்தது, அது துரைசாமி. வயது முப்பதைச் சற்றே தாண்டியிருக்கும், உருவம் கிழவர். நெஞ்சில் கத்தி பாய்ந்ததுபோல் இருந்தது என்ற பொருள்பட வெல்ஷ் தம் நினைவு நூலில் எழுதுகிறார். துரைசாமி அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: ஊரில் மிஞ்சியிருக்கும் உறவினருக்கு ஒரு கடிதம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். விதி இடம் தராது என்று வெல்ஷ் மறுத்துவிட்டார். 1830இல் அச்சான அந்த நூலில் இந்தச் செய்தி சில வரிகளில் முடிந்துவிடுகிறது.

பிட்மனின் எழுத்து அச்சேறியது. துரைசாமியின் கடிதம் கப்பலேறவில்லை. இரண்டு கலகங்களுக்கும் உள்ள வேறுபாட்டில் பாதி இதுதான். மறுபாதி, பிளட்டுக்கு அரசர் மாறினார். மன்னிப்பு கப்பலில் வந்தது. பினாங்கில் இருந்தவர்களுக்கு அரசு மாறவில்லை. அதனால் அவர்கள் கதையில் கடைசிக் காட்சியில் ஆளுநர் பதவி இருக்காது. ஆனால் கதை இல்லாமல் போய்விடவில்லை. தூத்துக்குடித் துறையில் சங்கிலியோடு ஏறும் சிறுவன், நடுக்கடலில் பிழைத்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது, பதினாறு ஆண்டுக்குப் பின் கதவைத் தட்டும் கிழட்டு இளைஞன், தகப்பனிடம் வளரி கற்றவன் மகனின் கடிதத்தை வாங்க மறுப்பது. இதைவிடக் கனமான காட்சி சபாட்டினிக்குக் கிடைக்கவில்லை. கண்ணதாசனின் ‘சிவகங்கைச் சீமை’ மருதிருவரைச் சொன்னது. கப்பலேறியவர்களைச் சொல்லும் படம் இன்னும் பாக்கி இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. துரைசாமி நாடு கடத்தப்பட்ட அதே பினாங்கில், சுமார் அரை நூற்றாண்டு கழித்து, இந்தச் சீமையிலிருந்து தாமாகக் கப்பலேறிப் போன நகரத்தார் தண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டினார்கள். இன்றும் தைப்பூசத்துக்கு அங்கே வெள்ளி ரதம் ஓடுகிறது. ஒரே மண்ணிலிருந்து ஒரே தீவுக்குப் போனவர்கள். ஒருவர் விலங்கோடு, மற்றவர் பெட்டகத்தோடு. நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறிப் போனவர்களின் பேரன் பேத்திகள் இந்த அவையில் இருப்பீர்கள். உங்கள் வீட்டில் கடிதம் வந்தது. அதை யாரும் தடுக்கவில்லை.

அந்தக் கடிதங்களைப் பற்றித்தான் என் வேண்டுகோள். பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்று ஒருவர் வாழ்ந்தார். பழைய நூல்களோடு, மற்றவர்கள் வேண்டாமென்று எறிந்த சினிமாப் பாட்டுப் புத்தகத்தையும் நோட்டீசையும் விடாமல் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் அந்தச் சேகரிப்பு சிதறாமல் காப்பாற்றப்பட்டு, 1994 முதல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. தமிழ் சினிமாவைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த வாசலை மிதிக்காமல் எழுத முடியாது.

இந்த வட்டாரத்தில் வீடுகள் இடிபடுகின்றன. தூணும் நிலையும் விலைக்குப் போகின்றன. அது உங்கள் குடும்ப விஷயம், நான் பேசவில்லை. ஆனால் இரண்டாங்கட்டு அறையில் இரும்புப் பெட்டிக்குள் ரங்கூன், பினாங்கு, மலாக்கா, சைகோன் முத்திரையோடு கிடக்கும் கடிதங்களையும், கப்பல் சீட்டுகளையும், பேரேடுகளையும் எடைக்குப் போடாதீர்கள். படிக்கத் தெரியவில்லை என்றாலும் போடாதீர்கள். கோட்டெழுத்துக் கணக்கு வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார்கள். மாணவர்களே, நீங்கள் அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். நூலகத்துக்குக் கொடுங்கள், கொடுக்க மனமில்லையென்றால் படமெடுத்துக் கொடுத்துவிட்டு மூலத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும், முதலில் அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.